புழுவை வளர்த்தேன், குளவி வந்தது

ஒட்டுண்ணிக் குளவிகளைக் கணக்கெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பூச்சி வலையைத்தான் கேட்கிறார்கள். எனக்கு வலையால் பெரிய பயன் இருந்ததில்லை. காலி ஹார்லிக்ஸ் பாட்டில், நைந்த வேட்டித் துணி, ரப்பர் பேண்ட், பென்சில், ஒரு நீள நோட்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே உள்ள ஊர்களில் நானும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் செய்த கணக்கெடுப்பு பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் நடந்தது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பூச்சியியலை முறையாகப் படித்தவள் இல்லை. என்னைப் போன்ற மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வலை வீசினால் குளவி கிடைக்கும். ஆனால் அது எந்தப் புழுவுக்குள் வளர்ந்தது, எந்த முட்டையைத் தின்றது என்பது கிடைக்காது. ஒட்டுண்ணிக் குளவியைப் பொறுத்தவரை அந்த விவரம்தான் பாதி உயிர். தாய்க் குளவி இன்னொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ முட்டை வைக்கும். பொரித்த குஞ்சு அதைத் தின்று வளர்ந்து கடைசியில் கொன்றுவிட்டு வெளியே வரும். பேன் ஆளைக் கொல்வதில்லை. இது கொல்லாமல் விடுவதில்லை. ஆகவே குளவியைத் துரத்துவதை விட்டுவிட்டு, புழுவை எடுத்து வந்து வளர்த்து, உள்ளிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பதே சுருக்கு வழி.

"கொட்டுமா டீச்சர்?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். பெரும்பாலானவை ஓரிரு மில்லிமீட்டர்தான். நம் தோலைத் துளைக்க அவற்றால் ஆகாது. மழைக்காலத்து ராத்திரியில் விளக்குக்கு வரும் ஆரஞ்சு நிற, நீளக் கால் குளவியை மட்டும் விரலால் பிடிக்க வேண்டாம். நெட்டீலியா என்ற அந்தப் பேரினம் நன்றாகவே குத்தும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது கறிவேப்பிலைச் செடி. கொல்லைக்குக்கூடப் போக வேண்டாம் (எங்கள் பக்கம் பயிர் நிலத்தைத்தான் கொல்லை என்போம்). எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி குருத்தில் தனித்தனியாக மஞ்சள் முட்டை வைக்கும். சில முட்டைகள் கறுத்துப்போய் நாள் கடந்தும் பொரிக்காமல் நிற்கும். அவற்றை இலையோடு வெட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் காலி ஜெலட்டின் கேப்சூலுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினால், சில நாளில் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு கறுப்புப் புள்ளி உள்ளே நடக்கும். ஊயென்சிர்டஸ் வகைக் குளவியாக இருக்கலாம், டிரைக்கோகிரம்மாவாகவும் இருக்கலாம். டிரைக்கோகிரம்மா சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பாட்டில் வாய்க்கு மஸ்லின் கட்டினால் அதன் வழியே நுழைந்து போய்விடும். அதனால்தான் கேப்சூல்.

அதே செடியின் கூட்டுப்புழுவில் கதை வேறு. டெரோமேலஸ் ப்யூபாரம் என்ற குளவி, புழு கூட்டுப்புழுவாக மாறும் வரை அதன் மேலேயே காத்திருந்து, தோல் உரிந்து உடம்பு மெத்தென்று இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் முட்டை வைத்துவிடும். ஒரே கூட்டிலிருந்து பளபளவென்று பச்சை கலந்த நிறத்தில் டஜன் கணக்கில் வெளியே வரும். பிராக்கிமீரியா என்ற இன்னொன்று ஒரு கூட்டுக்கு ஒன்றுதான் வரும். பின்னங்கால் தொடை ஒரேயடியாகப் பருத்திருப்பதால் அதை லென்ஸ் இல்லாமலே அடையாளம் காணலாம்.

இதிலிருந்து எங்களுக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பருவத்தில் எடுத்து வருகிறோமோ அதுவரை வந்து தாக்கிய குளவிதான் நமக்குக் கிடைக்கும். முட்டையை எடுத்து வந்து பாட்டிலில் வளர்த்தால், வெளியே புழுவைத் தேடித் திரியும் குளவியிடமிருந்து அதைக் காப்பாற்றிவிட்டோம் என்று அர்த்தம். அதனால் முட்டை, சிறு புழு, பெரும் புழு, கூட்டுப்புழு என்று நான்கையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நோட்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும். "புழு" என்று மட்டும் எழுதிய பக்கங்கள் பிறகு எதற்கும் உதவுவதில்லை.

இனி கொல்லைக்குப் போகலாம். எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் கேழ்வரகுக்கு நடுவே சாலுக்குச் சால் அவரையும் துவரையும் இருக்கும், ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். கணக்கெடுப்புக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. மருந்தடிப்பது குறைவு, பயிர் பல வகை என்பதால் புழுவும் பல வகை. ஆமணக்கில் காவடிப்புழு ஏறியிருக்கும்போது பாருங்கள்: சில புழுக்கள் அசையாமல் இலையைப் பற்றியிருக்கும், பின்பக்கத்தில் ஒரு சின்னக் கூடு ஒட்டியிருக்கும். மைக்ரோப்ளைட்டிஸ் என்ற குளவியின் வேலை அது. அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும் கொடியில், உப்பிப் பழுப்பேறி அசையாத சில அசுவினிகள் தென்படும். மம்மி என்பார்கள். அதன் முதுகில் வட்டமாக வெட்டிய மூடி திறந்திருந்தால் உள்ளே வளர்ந்த குளவி போய்விட்டது. ஓட்டை கிழிசலாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால், அந்தக் குளவியையே தின்ற இரண்டாம் குளவி ஒன்று வெளியேறியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மூடி பார்க்கும் வேலை மிகவும் பிடித்துப்போனது.

துவரைக் கொல்லையில் ஒரு பெரியவரோடு நடந்த பேச்சைச் சொல்ல வேண்டும். கம்பளிப்புழு ஒன்றின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கூடுகள்.

"பாத்தியா டீச்சரம்மா, புழு முட்டை போட்டிருக்கு. இத்தனையும் பொரிச்சா என் துவரை என்னாவறது?" என்று காலை ஓங்கினார்.

"பெரியப்பா, கொஞ்சம் இருங்க. புழு முட்டை போடாது. அந்துப்பூச்சி ஆனாத்தான் முட்டை போடும். இது வேற."

"பின்ன இதென்ன, அரிசிப் பொரியா?"

கோட்டீசியா போன்ற குளவிகளின் கூடுகள் அவை. குளவிக் குஞ்சுகள் புழுவின் உடம்புக்குள் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அங்கேயே நூல் நூற்றுக் கூடு கட்டிவிடும். புழு சில நாள் உயிரோடு இருக்கும், ஆனால் இலை தின்னாது. இந்த வெள்ளைக் கூடுகளைப் புழு முட்டை என்று நினைத்து நசுக்குவதை ஊருக்கு ஊர் பார்த்தேன். மருந்துக்கு அடுத்தபடி இந்தக் குளவிகள் சாவது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவரிடம் ஒரு கூட்டுக் கொத்தை பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டுத் திண்ணையிலேயே குளவி வந்தது. அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் அவரே கூப்பிட்டு இடம் காட்டுவார். விவசாயியிடம் விளக்கிச் சொல்வதைவிட, பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு வருவது மேல்.

வளர்க்கும் முறைக்கு வருகிறேன். ஒரு பாட்டிலுக்கு ஒரு புழு. இதில் மட்டும் சமாதானமே கிடையாது. இடம் மிச்சம் என்று பத்துப் புழுவை ஒரே பாட்டிலில் போட்டால், எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரியாது. பச்சைக் காய்ப்புழுவாக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றும்விடும். அடியில் மடித்த டிஷ்யூ காகிதம், தினமும் புது இலை, எச்சத்தை வழித்து எறிதல். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், குறைந்தால் கூடு காய்ந்து குளவி உள்ளேயே செத்துவிடும். காலையில் பாட்டிலின் உள்சுவரில் வியர்த்திருந்தால் துணியைத் தளர்த்த வேண்டும்.

இலைதான் பெரிய தலைவலி. பாலக்கோடு, ராயக்கோட்டை என்றாலே தக்காளி. தக்காளி என்றால் மருந்து. மருந்தடித்த கொல்லையிலிருந்து பறித்த இலையைப் போட்டால் மறுநாள் புழு கருகிக் கிடக்கும், உள்ளே குளவி இருந்ததா என்றே தெரியாமல் போகும். பள்ளிக்குப் பின்னால் தக்காளி, அவரை, ஆமணக்கு எல்லாம் கொஞ்சம் நட்டு, அதிலிருந்து மட்டும் இலை எடுத்தோம்.

அடுத்த எதிரி எறும்பு. பாட்டில் வைக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்த் தொட்டியில் நிறுத்தி, தண்ணீர் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மேசை சுவரைத் தொடக் கூடாது. சன்னல் வெயிலும் படக் கூடாது. கண்ணாடி பாட்டிலுக்குள் சித்திரை வெயில் அரைமணி நேரம் பட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

புழுவிலிருந்து வருவதெல்லாம் குளவி என்றும் நினைக்க வேண்டாம். தலைக்குப் பின்னால் வெள்ளையாக, பளிச்சென்று முட்டை ஒட்டியிருந்தால் அது டாக்கினிட் ஈயின் முட்டை. எருக்குச் செடியில் வளரும் வெந்தய வரியன் புழுவில் இந்த ஈ அடிக்கடி வரும். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பத்தை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் ஊசி ஈ என்று திட்டுவது இதில் ஒன்றைத்தான்.

பட்டு மனைக்குப் போனது எங்கள் கணக்கெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊசி ஈ பட்டுப்புழுவின் தோலில் முட்டை ஒட்டும். பொரித்த புழு உள்ளே நுழைந்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். பட்டுப்புழு கூடு கட்டிய பிறகு வளர்ந்த ஈப்புழு கூட்டைத் துளைத்து வெளியேறும். துளை விழுந்த கூடு நூற்க ஆகாது, சந்தையில் விலை போகாது. 1980 வாக்கில் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்து அங்கிருந்து பரவிய தொல்லை இது. மனைக்குள் மருந்தடிக்க முடியாது, அடித்தால் பட்டுப்புழுவே போய்விடும். அதனால் சன்னலுக்கு நைலான் வலை, வாசலுக்கு இரட்டைக் கதவு. அதோடு நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குளவி. இந்தக் குளவி தரை விரிசலிலும், பட்டுப்புழு கூடு கட்டும் தட்டியான சந்திரிகைக்கு அடியிலும் கிடக்கும் ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப் போய்த் துளைத்து முட்டை வைக்கும். 100 முட்டைத் தொகுதி வளர்ப்புக்கு 1 லட்சம் குளவி என்ற கணக்கில் தவணை தவணையாக விடச் சொல்கிறார்கள். பட்டுப்புழுவைத் தின்னும் ஈ, ஈயைத் தின்னும் குளவி. ஒட்டுண்ணி என்றால் நன்மை செய்யும் பூச்சி என்று பாடம் நடத்திய எனக்கே, "நம்ம ஒட்டுண்ணி, அவன் ஒட்டுண்ணி"ன்னு ரெண்டு இருக்கு டீச்சர் என்று ஒரு பட்டு விவசாயி திருத்திச் சொன்னார்.

அப்புறம் இன்னொன்று. மல்பெரித் தோட்டத்தைச் சுற்றிலும் யாரும் கண்டபடி மருந்தடிக்க விடமாட்டார்கள், சாரல் பட்டால் இலை விஷமாகிவிடும் என்ற பயம். தக்காளிக் கொல்லை ஓரத்தையும் மல்பெரித் தோட்ட ஓரத்தையும் ஒப்பிட்டால், பாட்டிலில் குளவி வந்த விகிதத்தில் வித்தியாசம் வெளிப்படையாகவே தெரிந்தது. இடம் தேடுகிறவர்கள் மல்பெரி வரப்பிலிருந்து தொடங்கலாம்.

இந்த மல்பெரியையும் மரவள்ளியையும் பப்பாளியையும் ஒருசேர ஆட்டிய மாவுப்பூச்சி பலருக்கு நினைவிருக்கும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் தென்பட்டு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மருந்தடித்துத் தீரவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 3 வகைக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றில் ஏசரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவிதான் நன்றாக நிலைத்துப் பூச்சியை அடக்கியது. அதேபோல 2020இல் கேரளத்தில் தெரிந்த மரவள்ளி மாவுப்பூச்சி இங்கும் வந்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கொண்டுவந்து, பெங்களூரில் பெருக்கி, 2022இல் நம் பக்கத்துச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். இதே குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன பணிக்காகத்தான் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. எந்த மாவுப்பூச்சியில் எந்தக் குளவி என்று எவரோ பொறுமையாக வளர்த்துப் பார்த்து எழுதி வைக்காமல் இதெல்லாம் நடந்திருக்காது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி போடுகிறவர்கள் உப்பிக் கெட்டியான மாவுப்பூச்சியைக் கண்டால் அந்த இலையைப் பிடுங்கி எரிக்காமல் விட்டுவைக்கலாம்.

எங்கள் நோட்டின் விஷயம். பிள்ளைகளுக்குக் குளவி வந்த பாட்டிலை எழுதத்தான் ஆசை. அந்துப்பூச்சி வந்த பாட்டிலையும், ஒன்றுமே வராமல் செத்த பாட்டிலையும் எழுத வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் அவை இல்லாமல் கணக்கே இல்லை. உதாரணத்துக்கு, 50 புழு எடுத்து வந்தீர்கள். 12இல் குளவி, 30இல் அந்துப்பூச்சி, 8 செத்துப்போனது. செத்ததையும் சேர்த்து வகுத்தால் 24 சதவீதம். முடிவு தெரிந்த 42ஐ மட்டும் வகுத்தால் ஏறக்குறைய 29 சதவீதம். இரண்டும் தப்பில்லை. எதால் வகுத்தோம் என்று எழுதாமல் வெறும் சதவீதத்தை எழுதுவதுதான் தப்பு. செத்த புழுவைக் கீறிப் பார்த்தால் உள்ளே குளவிக் குஞ்சு இருப்பதும் உண்டு. அதை நான் தனிப் பத்தியில் எழுத வைக்கிறேன்.

ஒரு புழுவிலிருந்து எத்தனை குளவி என்பதையும் எண்ண வேண்டும். கோபிடோசோமா என்ற குளவி முட்டை வைத்தால், அந்த ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து ஆயிரத்துக்கு மேல்கூடக் குளவிகள் வரலாம். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு இலைகளில் இருக்கும் பச்சைக் காவடிப்புழு கூட்டுக்குள் நுழைந்த பிறகு உடம்பெல்லாம் மணி மணியாகப் புடைத்து விறைத்துப்போனால் அதுதான். இப்படி ஒன்று கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். பாட்டிலில் ஆண், பெண் விகிதத்தையும் பாருங்கள். கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் கருவுற்றதிலிருந்து பெண்ணும் வருவது இந்தக் கூட்டத்தின் வழக்கம். ஆண் மட்டுமே வந்தால் தாய் இணைசேராமல் முட்டை வைத்தது என்று ஊகிக்கலாம்.

மஞ்சள் தட்டுப் பொறியையும் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. தரையோடு தரையாக வைத்து மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டினால் எக்கச்சக்கமாகக் கிடைக்கும். அந்த ஊரில் என்னென்ன குடும்பங்கள் உண்டு என்று சொல்ல இது நல்லது. ஆடு தண்ணீர் குடிக்காத இடமாகப் பாருங்கள். கூடாரம் போன்ற மலேஸ் பொறி இன்னும் அதிகம் பிடிக்கும். ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் தன் பயணங்களில் கூடாரத்துக்குள் பூச்சிகள் வந்து மேல் மூலையில் சேர்வதைக் கண்டு யோசித்தது அது. விலையும் அதிகம், எங்கள் பக்கம் ஆள் காவல் இல்லாமல் விட்டு வரவும் முடியாது.

சேர்த்த குளவிகளை உலர வைத்தால் பொடி வகைகள் சுருங்கி உருத்தெரியாமல் போகும். 70 சதவீத எத்தனாலில் போட வேண்டும். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் 95க்குக் குறையக் கூடாது. எத்தனால் பள்ளிக்கூடத்துக்கு எளிதில் கிடைக்காது. தற்காலிகத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். சீட்டைக் குழாய்க்குள்ளேயே போட வேண்டும், பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து சீட்டு வெள்ளையாகிவிடும். ஊர், தாலுகா, தேதி, எடுத்தவர், எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எந்தப் பருவம், குளவி வெளிவந்த தேதி. குளவி வெளிவந்த பிறகு மிச்சமிருக்கும் புழுத் தோலும் காலிக் கூடும் அதே எண்ணில் பக்கத்தில் இருக்க வேண்டும், பெயர் சொல்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர் சொல்வதில் அவசரம் வேண்டாம். செல்போனில் லென்ஸ் மாட்டி எடுத்த படத்தை வைத்துச் சிற்றினம் வரை போவது வீண் துணிச்சல். குடும்பம் வரை சொன்னாலே நமக்கு நிறைவு. இக்னியூமோனிடே, பிராக்கோனிடே இரண்டையும் முன்னிறகின் நரம்பமைப்பைக் கொண்டு பிரிக்கலாம், பழகினால் வரும். அதற்கு மேல் பெங்களூரில் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பகம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்பலாம். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதற்கு 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டைக் காடுகள் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்ட பகுதி; வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு புழுவைக்கூட எடுக்கக் கூடாது. நாங்கள் பட்டா நிலத்தோடு நிறுத்திக்கொண்டோம், அங்கேயே வேலை தீரவில்லை.

இப்போது கையில் இருப்பது மாங்காய். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாம்பழம் உதிர்ந்து கிடக்கும் காலத்தில் பழ ஈ விழுந்த பழங்களை அள்ளிப் புதைக்கச் சொல்வார்கள். புதைத்தால் ஈயோடு சேர்ந்து அதற்குள் வளரும் குளவியும் போகும். ஃபோபியஸ் போன்ற குளவிகள் ஈயைவிட மெலிந்தவை. அழுகிய பழங்களை ஒரு டிரம்மில் போட்டு, ஈ நுழைய முடியாத, ஆனால் குளவி நுழையக்கூடிய கண்ணுள்ள வலையால் வாயை மூடினால், ஈ உள்ளேயே சாகும், குளவி தோப்புக்குத் திரும்பும். ஹவாய் தீவுகளில் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போச்சம்பள்ளிப் பக்கத் தோப்புக்காரர் ஒருவர் இரண்டு டிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொசுவலையின் கண் மிகவும் சிறியது, நிழல்வலையின் கண் பெரியது. இரண்டுக்கும் நடுவே சரியான வலையைக் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.